எட்டாவது துறைமுகத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை

ஜூன் 14

அன்புள்ள பென்சிலுக்கு,

நீ போய் இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. உன் அம்மாவுக்குக் கப்பலில் செவிலியர் வேலை, உனக்கு விடுதி, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் மட்டும் போன், அந்தப் பத்து நிமிடமும் அம்மாவுக்கு. ஆகவே நமக்குக் கடிதம்தான் வழி. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. நேரில் என்றால் நான் பேசும்போது நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'ஏழு துறைமுகங்கள்' விளையாட்டின் புதிய பதிப்பு கடைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை விளையாட்டுக் கடை மாமா பெட்டியைப் பிரித்ததும் விதிப்புத்தகத்தை முதலில் வாங்கிப் படித்தது நான்தான். முன்னுரையின் கடைசிப் பத்தியை அப்படியே எழுதுகிறேன்: "எங்கள் துறைமுக உலகத்தில் நடக்கும் கதைகளை இதுவரை நாங்கள் மட்டுமே வெளியிட்டு வந்தோம். இனி மற்றவர்களும் எழுதி வெளியிடுவதற்கான உரிமத்தை விரைவில் அறிவிப்போம்."

மற்றவர்கள் என்றால் நாம்தானே. ஒன்றரை வருடமாக நான் எழுத, நீ வரைபடம் போட, நாம் உண்டாக்கிய எட்டாவது துறைமுகம் இதுவரை கடையின் ஜன்னலோர மேஜையில் மட்டும்தான் இருந்தது. அதை அச்சடித்து யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்தக் கடலும் கப்பல்களும் பதிப்பகத்தாருடையவை. உரிமம் வந்துவிட்டால் அது புத்தகமாகும். நம்மைத் தெரியாத யாரோ நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பகடை உருட்டி, நம் துறைமுகத்துக்குள் படகு விடுவார்கள்.

'விரைவில்' என்றால் எப்போது என்று ஆராய்ந்தேன். கடையில் அவர்களுடைய பழைய செய்தி இதழ்கள் முழுக் கட்டாக இருக்கின்றன. ஐந்து வருடத்தில் பதினொரு முறை 'விரைவில்' என்று எழுதியிருக்கிறார்கள். மிகக் குறைந்தது இருபத்து மூன்று நாள். மிக அதிகம், பலகையில் நகர்த்த அவர்கள் தருவதாகச் சொன்ன உலோகப் படகுகள்: இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. அதை விட்டுவிட்டுப் பார்த்தால் சராசரியாக நான்கு மாதம். முன்னுரையில் மே மாதத் தேதி இருக்கிறது. செப்டம்பர் 20 அன்று விளையாட்டுக் கண்காட்சி. எல்லாப் பெரிய செய்தியையும் அவர்கள் அந்த மேடையில்தான் சொல்வார்கள். எனவே செப்டம்பர் 20.

நான்கு வரைபடங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஐந்தாவது, விளக்கு எரியாத கலங்கரை விளக்கத்தின் உட்புறம், ஆகஸ்டு மாதக் கடைசிக்குள் வேண்டும்.

இப்படிக்கு,
அகராதி

பி.கு.: நம் மேஜையில் இப்போது வேறு ஆட்கள் உட்காருகிறார்கள். ரொம்பக் கத்துகிறார்கள்.


ஜூன் 27

அகராதிக்கு,

உன் கடிதம் பிரித்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. வருகிற கடிதத்தை வார்டன் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், அது இங்கே விதி. என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"யாருடி இது அகராதி?"

"ஃப்ரெண்டு மேடம்."

"துறைமுகம், அனுமதி, உரிமம்... ரெண்டு பேரும் சேர்ந்து என்னத்தைடி இறக்குமதி பண்றீங்க?"

"விளையாட்டு மேடம்."

"விளையாட்டுக்கு எதுக்குடி உரிமம்?"

விளக்கினேன். இருபது நிமிடம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில், "சரி, எப்போதான் சொல்வாங்களாம்?" என்றார். உன் சராசரியைச் சொன்னேன். "அந்த உலோகப் படகை விட்டுட்டா கணக்குப் பார்க்கறது?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

எங்கள் அறையில் எட்டுக் கட்டில். என்னுடையது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, இரவெல்லாம் சொட்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் லாரிகள் நிறுத்தும் இடம். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள்தான் நான் வைத்திருக்கும் எல்லாமும். ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசும்போது பின்னால் கப்பல் எஞ்சின் சத்தம்தான் அதிகமாகக் கேட்கிறது.

வரைபடத்தாளை விரிக்க இங்கே பெரிய மேஜை கிடைக்கவில்லை. பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டுவிட்டதா? எத்தனை? என்ன நிறம்?

பென்சில்


ஜூலை 12

அன்புள்ள பென்சிலுக்கு,

முதலில் வார்டன் அவர்களுக்கு: வணக்கம் மேடம். இங்கே எதுவும் இறக்குமதி செய்யப்படவில்லை. உலோகப் படகைச் சேர்த்தால் சராசரி ஆறு மாதத்தைத் தொடுகிறது, ஆனால் அது பொருள், இது அறிவிப்பு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

பென்சில், பெரிய தடயம் ஒன்று கிடைத்திருக்கிறது. பதிப்பகத்தார் ஒரு வேலை விளம்பரம் போட்டிருக்கிறார்கள்: "வெளி எழுத்தாளர்களுடனான உரிம ஒப்பந்தங்களைக் கவனிக்க ஒருவர் தேவை. செப்டம்பர் முதல் வாரத்தில் சேர வேண்டும்." பார்த்தாயா? செப்டம்பர் முதல் வாரத்தில் ஆள் சேருகிறார், 20-ஆம் தேதி அறிவிப்பு. கடை மாமாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"ஆள் எடுக்கறாங்கன்னா இன்னும் ஒப்பந்தமே எழுதலைன்னு அர்த்தம்மா" என்றார்.

"இல்ல மாமா, எழுதிட்டாங்க. பார்த்துக்கத்தான் ஆள் வேணும்."

"நீ அவங்க ஆபீஸ்ல உட்கார்ந்து பார்த்த மாதிரியே சொல்றே. எனக்கென்னவோ அடுத்த வருஷம்தான்."

வீட்டில் சொன்னால் அம்மா, "இதைத் துருவுறதுல பாதி அந்தக் கணக்குப் புத்தகத்தைத் துருவியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்கிறார்கள். நான் துருவுவதும் கணக்குத்தான் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். சுங்க அதிகாரி இப்போது பொய் சொல்வதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். விளையாடுபவர்கள் சரியான கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வரைபடம் எந்த அளவில் இருக்கிறது? உன் கடிதம் ஏன் ஒரே ஒரு பக்கம்?

அகராதி


ஆகஸ்டு 2

அகராதிக்கு,

இங்கே உன் தேதி மிகவும் பிரபலமாகிவிட்டது. வார்டன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சமையல் அக்காவிடம் சொல்ல, அவர் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்ல, இப்போது அறைக்கு அறை பந்தயம். காலையில் குளிக்க வாளி வரிசை உண்டு. அறிவிப்புத் தேதியைச் சரியாகச் சொன்னவள் ஒரு மாதம் வரிசையில் நிற்காமல் முதல் வாளி எடுத்துக்கொள்ளலாம். செப்டம்பர் 20-க்குப் பன்னிரண்டு பேர். "வரவே வராது" என்பதற்கு ஒன்பது பேர். சமையல் அக்கா டிசம்பர் என்கிறார், அவருக்கு வாளிப் பிரச்சினையே கிடையாது.

"நீ எந்தத் தேதிடி?" என்று கேட்டார்கள். நான் எதையும் சொல்லவில்லை.

வரைபடத்தில் மை கொட்டிவிட்டது. பாதிக்கு மேல் போய்விட்டது. திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஆகஸ்டுக்குள் முடியுமா என்று தெரியவில்லை.

நீ பூனையைப் பற்றி எழுதவில்லை. பரவாயில்லை.

பென்சில்


ஆகஸ்டு 19

அன்புள்ள பென்சிலுக்கு,

ஒரு காரியம் செய்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அறிவிப்பு வந்த அன்றைக்கே நூற்றுக்கணக்கான பேர் தங்கள் கதைகளை அனுப்புவார்கள். அந்தக் குவியலில் நம்முடையது கீழே போய்விடும். அதனால் முந்திக்கொண்டேன். ஆறு அத்தியாயங்களையும் அழகாகப் பிரதி எடுத்து, உன்னுடைய நான்கு வரைபடங்களையும் வைத்து, அட்டை கொடுத்து, மடங்காதபடி கட்டிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுத்தாள் வைத்து "இது வந்துகொண்டிருக்கிறது" என்று எழுதினேன்.

ஜெராக்ஸில் உன் கோடுகள் மங்கலாக விழுந்தன. அலைகளுக்கு நீ போடும் அந்த மெல்லிய நிழல் வரவே இல்லை. அதனால் அசலையே அனுப்பினேன். உன் திறமையை அவர்கள் முழுமையாகப் பார்க்க வேண்டும் அல்லவா.

நம் பெயர்கள் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதியிருக்கிறேன். உன் பெயர் முதலில்.

அகராதி


ஆகஸ்டு 27

அசலையா அனுப்பினாய்?

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி வரைபடத்தைப் பற்றிக் கேட்காதே.


செப்டம்பர் 9

அன்புள்ள பென்சிலுக்கு,

கட்டு நேற்று திரும்பி வந்துவிட்டது. நான் ஒட்டிய நாடாகூடக் கிழியவில்லை. மேலே சிவப்பு மையில் "பிரிக்கப்படவில்லை" என்று முத்திரை. கூடவே ஒரு தாள்: "உரிமம் நடைமுறைக்கு வரும்வரை வெளியார் எழுத்தை நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. நாளை எங்கள் புத்தகம் ஒன்றில் இதேபோன்ற காட்சி அமைந்தால், உங்களுடையதைப் பார்த்து எழுதியதாக நீங்கள் வருந்த நேரிடும்." அவ்வளவுதான். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

கடையில் மாமா முன்னால் அழுதுவிட்டேன். அவர், "அட, இது எல்லாப் பதிப்பகத்துலயும் இருக்கற வழக்கம்மா. பிரிச்சுப் பார்த்தாத்தான் தப்பு. எங்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். அவரிடமும் நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. யாரிடமும் கேட்காமல் முந்திக்கொண்டேன்.

உன் நான்கு வரைபடங்களையும் இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு மூலைகூட மடங்கவில்லை, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அவை உன்னிடம்தான் இருக்க வேண்டும். மன்னித்துவிடு. மன்னிக்க நேரமானாலும் சரி.

இன்னொன்று. நேற்று உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். ஆகஸ்டில் வரைபடத்தில் மை கொட்டியது என்று எழுதியிருக்கிறாய். நீ மையைத் தொடுவதே இல்லையே. ஓவிய வகுப்பில்கூட மைக்கூட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் பென்சிலால் முடித்துக் கொடுத்துத் திட்டு வாங்கியவள் நீ. உன் பெயரே அதனால் வந்ததுதான். நான் அவ்வளவு கவனமில்லாமல் படித்திருக்கிறேன். படிக்கும்போது தேதியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

மை கொட்டவில்லை என்றால் என்ன நடந்தது? சொல்ல விருப்பம் இல்லை என்றால் வேண்டாம்.

பூனை நான்கு குட்டி போட்டது, ஜூன் மாதமே. இரண்டு சாம்பல், ஒன்று வெள்ளை, ஒன்று என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. வெள்ளைக்குட்டி அப்பாவின் செருப்புக்குள்தான் தூங்கும்.

அகராதி


செப்டம்பர் 16

அகராதிக்கு,

வரைபடங்கள் வந்தன. மூலை மடங்கவில்லை.

ஐந்தாவது வரைபடம் ஜூன் மாதமே முடிந்துவிட்டது. இங்கே வந்த புதிதில், யாரையும் தெரியாது, எல்லோரும் துணி துவைக்கப் போகும் மதிய நேரத்தில் கட்டில் பலகையின் மேல் தாளை விரித்து வரைந்தேன். நான் இதுவரை வரைந்ததிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது. மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். மேஜை இல்லை என்றது பொய். மை கொட்டியது பொய்.

ஏன் என்றால், அது உன் கைக்கு வந்துவிட்டால் துறைமுகம் முடிந்துவிடும். அறிவிப்பு வரும், புத்தகம் வரும். அப்புறம் நீ எனக்கு எதற்குக் கடிதம் போட வேண்டும்? உனக்குக் கடையில் வேறு மேஜை கிடைக்கும், அங்கே வேறு யாராவது நன்றாக வரைவார்கள். எனக்கு இங்கே தொட்டி சொட்டும்.

உன் கடிதங்களில் தேதி இருந்தது, தடயம் இருந்தது, சுங்க அதிகாரி இருந்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

செப்டம்பர் 20 வராமல் போக வேண்டும் என்று தினமும் நினைத்தேன். "வரவே வராது" கட்சியில் பத்தாவது ஆள் நான்தான், யாரிடமும் சொல்லவில்லை. நம் புத்தகத்துக்கு எதிராக நானே பந்தயம் கட்டியிருக்கிறேன். அசலை அனுப்பினாய் என்றதும் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி, நீ என் பொய்யையும் மீறி முடித்துவிட்டாயே என்பதுதான்.

வரைபடத்தை இதோடு அனுப்புகிறேன். இது உன் அவசரத்துக்காக இல்லை, நீ பூனையைப் பற்றி எழுதியதற்காக.

ஒரே ஒரு கேள்வி. புத்தகம் வந்த பிறகும் எழுதுவாயா?

பென்சில்

பி.கு.: இதை வார்டன் படிக்க மாட்டார். வருகிற கடிதத்தை மட்டும்தான் படிப்பார். ஆனால் எழுதும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் பால் வைத்துவிட்டுப் போனார்.


செப்டம்பர் 24

அன்புள்ள பென்சிலுக்கு,

அறிவிப்பைப் பற்றி நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நேராக அங்கே தாவக் கூடாது.

உன் கேள்விக்குப் பதில்: எழுதுவேன். இதை எவ்வளவு நீளமாக எழுதினாலும் அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் சேராது, ஆகவே அதோடு விடுகிறேன்.

கடையில் எனக்கு வேறு மேஜை கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நீ எழுதியதால் சொல்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பழைய செய்தி இதழ்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 'விரைவில்' எத்தனை முறை என்று எண்ணியதெல்லாம் அங்கே உட்கார்ந்துதான். ஒருநாள் அந்தக் கத்துகிற கூட்டம் என்னையும் ஆடக் கூப்பிட்டது. போனேன். கதையில் ஒரு வீடு வந்தது, அதன் கதவு எங்கே என்று கதை சொல்பவரிடம் கேட்டேன். "எங்கே வேணும்னாலும் வச்சுக்க" என்றார். நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. கதவு எந்தப் பக்கம், எந்தப் பக்கமாகத் திறக்கும், கீல் துருப்பிடித்திருக்கிறதா என்பது வரை உனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுதாமல் தேதியை எழுதினேன். புத்தகம் சீக்கிரம் வந்தால் உன் அம்மா பெருமைப்பட்டு உன்னை விடுமுறைக்கு இங்கே அனுப்புவார்கள் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? தொட்டியை யாரும் பழுது பார்க்கவில்லையா? அம்மா எப்போது கரைக்கு வருகிறார்கள்? பக்கத்துக் கட்டிலில் யார்? உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

ஐந்தாவது வரைபடம் வந்து சேர்ந்தது. படிக்கட்டில் பதினேழாவது படி மட்டும் தேய்ந்திருக்கிறது. யாரோ அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுதியதில் அது இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி நான்காம் பக்கம்.

அறிவிப்பு வந்துவிட்டது. செப்டம்பர் 20, மாலை நான்கு மணி. கடை மாமாவின் கம்ப்யூட்டரில் பார்த்தோம். பன்னிரண்டு பேருக்கு என் வாழ்த்தைச் சொல். யார் வேண்டுமானாலும் பதிப்பகத்தாரின் உலகத்தில் கதை எழுதி வெளியிடலாம். அவர்களுடைய படங்களைப் பயன்படுத்தக் கூடாது, அட்டையில் ஒரு சிறு முத்திரை போட வேண்டும். மாமா என் முதுகில் தட்டினார். பிறகு ஒப்பந்தத்தைக் கீழே வரை படித்தோம்.

ஆறாவது விதி: கையெழுத்திடுபவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். சிறுவர்களுக்காகப் பெரியவர் ஒருவர் கையெழுத்திடலாம், ஆனால் அட்டையில் கையெழுத்திட்டவர் பெயர்தான் ஆசிரியராக இருக்கும்.

ஐந்து வருடச் செய்தி இதழைப் படித்தேன், வேலை விளம்பரத்தைப் படித்தேன், வயது என்று ஒன்று இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

"என் பேர்ல போட்டுக்கலாம்மா. உள்ளே முதல் பக்கத்துல உங்க ரெண்டு பேரையும் பெரிசாப் போட்டுடலாம்" என்றார் மாமா. வீட்டில் அம்மாவும், "நான் போடுறேன் கையெழுத்து. என் பேர் அட்டையில இருந்தா கரையானா அரிச்சிடும்?" என்கிறார்கள். இருவரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் புத்தகம் ஜனவரியில் வந்துவிடும். இல்லாவிட்டால் எனக்குப் பதினெட்டு ஆக நான்கு வருடம். உனக்கு அதற்கு மேலும் ஐந்து மாதம். எனக்கு ஆனதும் நான் தனியாகக் கையெழுத்திட மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை நான் முந்திக்கொள்ளவில்லை. மாமாவிடம், "அவளைக் கேட்கணும்" என்றேன். ஜனவரியா, நான்கு வருடம் ஐந்து மாதமா? எது என்று நீ சொல். நான் என்ன நினைக்கிறேன் என்பதை எழுதினால் நீ அதற்கு ஏற்றபடி சொல்லிவிடுவாய், அதனால் எழுதவில்லை.

உன்
அகராதி


அக்டோபர் 3

அன்புள்ள அகராதிக்கு,

நான் தாவவில்லை. வார்டன்தான் தாவினார். கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே, "வயசு பத்தலையாம்டி" என்று சொல்லிவிட்டார். பிறகு நான் படிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன பண்ணப் போறே?"

"நாலு வருஷம் அஞ்சு மாசம் மேடம்."

"அதுவரைக்கும் இந்தக் கடிதத்தையெல்லாம் நான்தான் படிக்கணுமா?"

"படிக்காம விட்டுடலாம் மேடம்."

"அதெப்படி, விதின்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டையில் மாமாவின் பெயரும் வேண்டாம், உன் அம்மாவின் பெயரும் வேண்டாம். அவர்களிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல். நம் துறைமுகத்தை எந்த ஊர் மேஜையிலாவது விரித்துவிட்டு "யாருடா இதை வரைஞ்சது?" என்று ஒருவர் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே நாம் இருக்க வேண்டும். அதற்கு நான்கு வருடம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், விதியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய், "என்னடி ஆச்சு?" என்றாள். அவள் பெயரை யாரும் சொல்வதில்லை, குள்ளி என்றுதான் கூப்பிடுவோம், எல்லோரையும்விட அவள்தான் உயரம். சாப்பாடு ஒத்துக்கொள்கிறது. அம்மா டிசம்பரில் வருகிறார்கள். தொட்டி இன்னும் சொட்டுகிறது. ஆனால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

பதினேழாவது படியில் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்கும் தெரியாது. வரையும்போது அந்தப் படி மட்டும் தேய்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, தேய்த்தேன். ஏழாவது அத்தியாயம் என்று ஒன்று இருக்கலாம் என்றால் அது யார் என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். கதை போதாது, எனக்கு அவர் செருப்பு எங்கே கழற்றி வைத்திருக்கிறார் என்பது வரை வேண்டும். அப்போதுதான் வரைய முடியும்.

குள்ளி பகடை உருட்டக் கற்றுக்கொள்கிறாள். நேற்று முதல் துறைமுகத்திலேயே படகைக் கவிழ்த்துவிட்டாள்.

உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது எழுது. ஆனால் சனிக்கிழமைக்குள் தபாலில் போட்டுவிடு.

உன்
பென்சில்